கரண்ட் வைத்தால் மட்டும் கை எழுமா?

பக்கவாதம் வந்தவரை நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும் என்ற விழிப்பு தமிழ்நாட்டில் ஓரளவுக்கு வந்துவிட்டது. வாய் கோணுகிறதா, ஒரு கை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்கிறோம், 108-ஐ அழைக்கிறோம், இரத்தக் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது என்ற செய்தி டீக்கடை வரை போயிருக்கிறது. மூளைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் வெளிவந்த ஒரு கணக்கு உலகமெங்கும் மருத்துவமனைகளை அவசரப்படுத்தியது. அந்த அவசரத்தால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர் வீடு திரும்பிய பிறகு வரும் மாதங்களுக்கு மட்டும் நம்மிடம் அவசரமும் இல்லை, ஏற்பாடும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் தாளில் மாத்திரைகளின் பெயர் வரிசையாக இருக்கும். காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். கடைசியில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரு வரி. எங்கே போய்த் தொடர்வது, யாரிடம், வாரத்தில் எத்தனை நாள், யார் அழைத்துக்கொண்டு போவது, ஆட்டோவுக்கு யார் கொடுப்பது என்று அந்த வரி எதையும் சொல்வதில்லை. இழந்த அசைவில் பெரும்பகுதி திரும்புவது முதல் மூன்று மாதங்களில்தான் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. அதன் பிறகும் முன்னேற்றம் உண்டு. ஆனால் மெதுவாக, மிகுந்த உழைப்போடு வரும். அந்த மூன்று மாதங்கள் யார் பொறுப்பு? இன்றைய நிலையில், பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண் ஒருத்தியின் பொறுப்பு. மனைவி, மகள், மருமகள் என்று முறை மாறும், பொறுப்பு மாறுவதில்லை.

அந்த ஒரு வரிக்குள் பல சிகிச்சைகள் அடக்கம். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு இந்தப் பொறுப்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தசைகளுக்கு மின்தூண்டல் கொடுக்கும் சிகிச்சை; மக்கள் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’. ‘பத்து நாள் கரண்ட் வைத்தால் கை வந்துவிடும்’ என்று நம்பி, இருக்கும் பணத்தையெல்லாம் கொட்டுகிறவர்கள் ஒரு பக்கம். ‘ஏற்கெனவே மூளையில் அடி, அதில் ஷாக் வேறா’ என்று அஞ்சி ஒதுங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் எதிரில் உட்கார்ந்து பொறுமையாக விளக்க ஆள் இல்லாததுதான் இரண்டுக்கும் காரணம். ஆகவே முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பக்கவாதத்தில் கெட்டுப்போவது மூளையின் ஒரு பகுதி. கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. ‘கையைத் தூக்கு’ என்ற கட்டளை மூளையிலிருந்து தண்டுவடம் வரை ஒரு நரம்பணுவாலும், தண்டுவடத்திலிருந்து தசை வரை இன்னொரு நரம்பணுவாலும் எடுத்துச் செல்லப்படுகிறது. பக்கவாதத்தில் அறுபடுவது மேல்வழி. கீழ்வழி உயிரோடு காத்திருக்கிறது, கட்டளைதான் வருவதில்லை. தோலின் மீது இரண்டு ஒட்டுப் பட்டைகளை வைத்துச் சிறு மின்துடிப்பை அனுப்பினால் அந்தக் கீழ்நரம்பு விழித்துக்கொள்ளும்; தசை சுருங்கும்; விரல் விரியும், பாதம் உயரும். இளம்பிள்ளை வாதத்தில் இந்த முறை உதவாததற்குக் காரணமும் இதுதான். போலியோ கிருமி கொல்வது கீழ்வழி நரம்பணுவையே; அங்கே மின்துடிப்பைக் கேட்க ஆளே இல்லை.

இது நேற்று வந்த தொழில்நுட்பம் கிடையாது. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடித்ததை இத்தாலியின் பொலோஞா நகரில் கால்வானி எழுதி வெளியிட்டது 1791இல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் டுஷேன் என்ற மருத்துவர் எந்தத் தசை எந்த அசைவைத் தருகிறது என்று மின்சாரம் கொண்டே தேடிக் கண்டார். பக்கவாத நோயாளியின் நடைக்கு அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்க மருத்துவர் லிபர்சன், ஆண்டு 1961. அவர் செய்தது மிக எளிமையானது. பக்கவாதம் வந்த பலருக்கு நடக்கும்போது முன்பாதம் தொங்கிப்போகும். செருப்பு காலில் நிற்காது. வாசற்படியில் விரல் இடறும். அதைச் சமாளிக்கக் காலை வெளிப்பக்கமாக வட்டமடித்து வீசி வீசி நடப்பார்கள். சிறிது தூரத்திலேயே களைத்துப்போவார்கள். லிபர்சன் செருப்பின் குதிகாலுக்கு அடியில் ஒரு ஸ்விட்சை வைத்தார். குதிகால் தரையை விட்டு எழும் கணத்தில், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்புக்கு மின்துடிப்பு போகும். பாதம் தூக்கிக்கொள்ளும். குதிகால் மறுபடி தரையில் படும்போது துடிப்பு நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் இப்படி.

அந்தக் கருத்து பல நாடுகளில் வளர்ந்தது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகர மருத்துவமனையில் உருவான கருவியை நோயாளிகள் இடுப்பில் மாட்டிக்கொண்டு கடைக்கும் தேவாலயத்துக்கும் போய் வந்தார்கள். சிகிச்சைகளின் பயனை எடைபோடும் அந்நாட்டு நைஸ் நிறுவனம், மூளை பாதிப்பால் பாதம் தொங்கியவர்களின் நடையை மேம்படுத்த இந்த முறைக்குப் போதிய சான்று இருக்கிறது என்று 2009 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் சேர்த்துச் சொன்ன ஒரு நிபந்தனை நமக்கு முக்கியம்: யாருக்கு இது பொருந்தும் என்பதைப் பல துறையினர் கூடிய குழு முடிவுசெய்ய வேண்டும்.

ஏன் குழு வேண்டும்? கருவியைத் திருகிவிட்டால் வேலை முடிவதில்லை. நொடிக்கு 30 முதல் 40 துடிப்புகள், ஒவ்வொரு துடிப்பும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம், சில பத்து மில்லியாம்பியர் மின்னோட்டம் என்று பொதுவான அளவுகள் உண்டு. ஆனால் பட்டையை ஒரு விரற்கடை தள்ளி வைத்தால் வேறு தசை இழுத்துக்கொள்ளும். இடைவெளி விடாமல் கொடுத்தால் தசை சோர்ந்துவிடும். நம் மூளை ஒரு தசையை இயக்கும்போது கமலை இறைக்கிறவர் மாடு மாற்றிக் கட்டுவதுபோல இழைகளை முறைவைத்து மாற்றி மாற்றி வேலை வாங்குகிறது. கருவிக்கு அது தெரியாது, அதே இழைகளையே மறுபடி மறுபடி ஒன்றாகச் சேர்த்து ஓட்டுகிறது. ஆகவே சில நொடி துடிப்பு, அதைவிட நீண்ட ஓய்வு, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அளவு என்று ஆளுக்கு ஆள் வகுக்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் கை வேண்டும்.

தோளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் சேதமாவது அதுதான். பக்கவாதம் வந்த புதிதில் தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்து, கையின் எடையால் மூட்டு மெல்லக் கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தில் அன்பு மிகுந்த உறவினர்கள் அவரை எழுப்பி உட்காரவைக்க அதே கையைப் பிடித்துத் தூக்குவார்கள். வலி தொடங்கும், வலியால் பயிற்சி நிற்கும், பயிற்சி நின்றதால் கை இறுகும். தோள்பட்டையின் மேலும் பின்னும் உள்ள தசைகளுக்குத் தொடக்க வாரங்களிலேயே மின்தூண்டல் கொடுத்தால் மூட்டு இறங்குவதை ஓரளவு தடுக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாதங்கள் கடந்த பிறகு கொடுத்தால் அந்தப் பலன் கிடைப்பது கடினம். அந்தக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள் என்று சொல்லக் கருவிகூடத் தேவையில்லை. அதையும் யாராவது வந்து சொல்ல வேண்டும்.

கையையும் விரலையும் மீட்பது எல்லாவற்றிலும் கடினம். இங்கேதான் ‘கரண்ட்’ பற்றிய மிக முக்கியமான பாடம் இருக்கிறது. நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்க, கருவி தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தால் தசைக்குக் கொஞ்சம் பயிற்சி கிடைக்கும். மூளைக்குக் கிடைப்பது மிகக் குறைவு. நோயாளி தானே விரலை விரிக்க முயல வேண்டும், அந்த முயற்சியோடு துடிப்பும் சேர வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர ஆய்வாளர்கள் இதை அழகாகச் செய்துகாட்டினார்கள். நல்ல கையில் உணரிகள் பொருத்திய கையுறை; அதை நோயாளி விரிக்கும் அளவுக்கு ஏற்ப, முடங்கிய கைக்கு மின்துடிப்பு போய் அதுவும் விரிகிறது. பக்கவாதம் வந்து ஆறு மாதங்களுக்கு மேலான 80 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான அவர்களின் ஆய்வில், கருவி தானாக விட்டுவிட்டுத் துடித்த குழுவைவிட, நோயாளியே துடிப்பைக் கட்டுப்படுத்திய குழுவின் கைத்திறன் கூடுதலாக மேம்பட்டது. ஒரே மின்சாரம்தான், நோயாளியின் விருப்பம் அதில் சேர்ந்ததுதான் வேறுபாடு. அந்த விருப்பத்தை நாள்தோறும் தட்டி எழுப்ப வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். ‘அப்பா எதிலும் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்’ என்று கோபப்படும் பிள்ளைகள், அது பிடிவாதம்தானா, அவர் நோயின் இன்னொரு முகமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

ஆபத்துகளும் உண்டு, மறைக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இதைத் தன் விருப்பத்துக்கு வைக்கவே கூடாது. காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைந்திருந்தால் அந்தக் காலில் கூடாது. கழுத்தின் முன்பக்கம், புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், புண்பட்ட தோல், கர்ப்பிணியின் வயிறு, கட்டுப்பாட்டில் இல்லாத வலிப்பு நோய் ஆகியவை எல்லாம் எச்சரிக்கைப் பட்டியலில் வரும். உணர்ச்சி மரத்துப்போன தோலில் சூடுபட்டாலும் தெரியாது. நம் ஊரில் பக்கவாதம் வரும் பலருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால் இந்த அபாயம் கூடுதல். ஒட்டுப் பட்டையின் ஜெல் காய்ந்துபோனால் மின்னோட்டம் ஒரே புள்ளியில் குவிந்து தோலைப் பொசுக்கும். புதுப் பட்டை வாங்கப் பணமில்லாமல் பழையதிலேயே தண்ணீர் தெளித்து ஒட்டுகிற வீடுகளுக்கு இதை யார் சொல்வது?

இணையக் கடைகளில் இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு இந்தப் பெட்டிகள் கிடைக்கின்றன. வலி குறைக்கும் கருவியும் தசையை இயக்கும் கருவியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்; வயிறு குறைக்கும் பெல்ட்டும் அதே வரிசையில் வரும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பெட்டி, ஆங்கிலத்திலோ சீனத்திலோ அச்சிட்ட காகிதத்தோடு அலமாரியில் கிடக்கிறது. அல்லது தவறான தசையில் தவறான அளவில் ஒட்டப்படுகிறது. இந்தியாவில் மருத்துவக் கருவிகளுக்கான விதிகள் 2017இல் வந்தன; 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. சட்டம் இருக்கிறது. தமிழில் விளக்கக் குறிப்பும், எவரெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் பெட்டியின் மீதே அச்சாக வேண்டும் என்று தயாரிப்பாளரையும் விற்பவரையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவர்களும் அதைச் சுமையாக நினைக்கக் கூடாது. தங்கள் பொருள் பரணில் தூங்காமல் பயன்படுவது அவர்களுக்கும் நல்லதுதானே.

இனி அந்த வீட்டுக்குள் போவோம். குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே சிகிச்சை செய்யவைத்தால் என்ன என்ற கேள்வி இந்தியாவில் மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ‘அட்டெண்ட்’ என்ற அந்த ஆய்வில் நாட்டின் 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,250 நோயாளிகள் பங்கெடுத்தார்கள். லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிபுணர் ஜெயராஜ் துரை பாண்டியன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றக் குழுவில் குடும்பத்தார் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் தொடரச் சொன்னார்கள். 2017இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்கிறவர்கள் இரண்டு குழுக்களிலும் 47 சதவீதம். வேறுபாடே இல்லை.

இந்த முடிவைக் குடும்பங்களின் தோல்வி என்று படித்தால் பெரும் அநியாயம். வீடுகளில் பெண்கள் இரவு பகலாகச் செய்யும் பணிவிடையை நேரில் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். நான் அதை இப்படி வாசிக்கிறேன்: நரம்பியல் மறுவாழ்வு என்ற கனமான வேலையைச் சில நாள் பயிற்சியோடு ஒரு குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது. தேர்ந்த கை, போதிய அளவு பயிற்சி, தொடர்ந்த கண்காணிப்பு, சில கருவிகள் ஆகியவை வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது? படுத்திருப்பவர் கொத்தனாரோ ஓட்டுநரோ என்றால் வருமானம் முதல் நாளே நின்றுவிட்டது. பார்த்துக்கொள்ளும் மனைவி வேலையை விட்டதால் இரண்டாவது கூலியும் போயிற்று. டவுனில் உள்ள தனியார் பிசியோ மையத்தில் ஒரு முறைக்குச் சில நூறு ரூபாய், ஆட்டோ தனி. வெளிநோயாளியாகப் பெறும் இந்தச் சிகிச்சைக்குப் பல காப்பீடுகள் பணம் தருவதில்லை. முதல் மாதம் நகை, இரண்டாம் மாதம் கடன். மூன்றாம் மாதம், அதாவது முயற்சிக்குப் பலன் கிடைத்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே, சிகிச்சை நின்றுபோகிறது. அந்த வெற்றிடத்தில்தான் புறா இரத்தம் தடவச் சொல்கிறவர் வாசலில் வந்து நிற்கிறார். அவரை நாடிப் போகும் குடும்பத்தை அறியாமை என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேறு எவரும் அந்த வாசலுக்கு வரவில்லை, அவர் வந்தார். படுத்திருப்பவர் பெண் என்றால் நிலை இன்னும் மோசம். வீட்டில் எல்லோரையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவரைப் பார்த்துக்கொள்ள யாரும் பழக்கப்படவில்லை.

தமிழ்நாட்டில் வாசலுக்கு வருவதற்கான பாதை ஒன்று ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோவதோடு, வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருவதையும் தன் பணியாக வைத்திருக்கிறது. அதில் வீடு வீடாகச் செல்லும் பெண் தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள்; அந்தத் தெருவின் மனிதர்கள். இது பெரிய செல்வம். ஆனால் ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் இலட்சம் பேருக்கு மேல் வசிக்கக்கூடும். இயன்முறை மருத்துவர் ஒன்றியத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் நியமிக்கப்பட்டார். அவர் எத்தனை அர்ப்பணிப்போடு சுற்றினாலும் ஒரே நோயாளியிடம் வாரத்தில் பல நாள் வர முடியாது. பக்கவாதத்துக்கு வேண்டியதோ நாள்தோறும், பலநூறு முறை, ஒரே அசைவு.

இந்த இடைவெளியை ஓரளவு அடைக்க எளிய மின்தூண்டல் கருவி உதவும் என்று நம்புகிறேன். இயன்முறை மருத்துவர் ஒருமுறை வந்து, இந்த நோயாளிக்கு இது பொருந்துமா என்று பார்த்து, பட்டை ஒட்ட வேண்டிய இடத்தைத் தோலில் மையால் குறித்து, அளவை நிர்ணயித்துப் பூட்டிவிட்டுப் போகலாம். தன்னார்வலரும் வீட்டாரும் நாள்தோறும் அரைமணி நேரம், நோயாளி முயலும்போது, கருவியை இயக்கலாம். பத்து நாளுக்கொரு முறை மருத்துவர் திரும்பி வந்து அளவை மாற்றலாம். ஒருவருக்கு மூன்று நான்கு மாதம் பயன்பட்ட கருவி அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொரு குடும்பமும் விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நூலகப் புத்தகம்போல இரவல் தரும் கருவிகள் சில இருந்தால் போதும். புதிய ஒட்டுப் பட்டைகளுக்கான செலவை மட்டும் தொடர்ந்து யாராவது ஏற்க வேண்டும். ஊர் இளைஞர் மன்றங்கள், அரிமா, சுழற்சங்கங்கள், கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஆகியோருக்கு இது தாங்கக்கூடிய செலவுதான். கண் சிகிச்சை முகாம் நடத்திப் பழகிய கைகள் இதையும் செய்யும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்திலேயே நோயாளியை அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தால் நல்லது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆஸ்திரேலியா தலைமையில் பல நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ‘அவெர்ட்’ ஆய்வு, அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு அதிகமாகச் செய்ததால் பலன் குறைந்தது என்று காட்டியது. ஆர்வம் மட்டும் மருந்தாகாது. எப்போது தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். ஆகவே கருவியை இலவசமாக விநியோகித்துப் படம் எடுத்துக்கொள்வதோடு முடியும் திட்டம் எதையும் நாம் ஆதரிக்கக் கூடாது. ஆள் இல்லாமல் கருவி வேண்டாம். இதை இயன்முறை மருத்துவர்களின் அமைப்புகள் உரத்துச் சொல்ல வேண்டும்; கூடவே, வீட்டாருக்கும் தன்னார்வலருக்கும் தங்கள் அறிவில் ஒரு பங்கைத் தாராளமாகக் கற்றுக்கொடுக்கவும் முன்வர வேண்டும். தொழிலின் மதிப்பு அதனால் குறையாது.

மறுவாழ்வு மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு மரபு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் மறுவாழ்வு மேளாவுக்குப் பழைய நோயாளிகள் திரும்பி வருகிறார்கள். உடல்நிலையைச் சோதித்துக்கொள்கிறார்கள், விளையாடுகிறார்கள், வாழ்க்கை எப்படிப் போகிறது என்று பேசுகிறார்கள். வீட்டுக்கு அனுப்பியதோடு உறவு முடியவில்லை என்பதை ஒரு மருத்துவமனை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதே கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து, கைப்பயிற்சிக்காக மேசையில் வைக்கக்கூடிய ‘புளூட்டோ’ என்ற சிறிய இயந்திரத்தை உருவாக்கியிருக்கின்றன. நம் பொறியியல் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்கிறார்கள். அவர்களில் சிலராவது ஒரு பிசியோவோடும் ஒரு நோயாளியின் வீட்டாரோடும் உட்கார்ந்து, ஒரு கையாலேயே ஒட்டிக்கொள்ளக்கூடிய பட்டை, தமிழில் பேசி வழிகாட்டும் கருவி என்று யோசித்தால் அது மதிப்பெண்ணைத் தாண்டிப் பயன்படும்.

முதலாளிகளிடமும் ஒரு வேண்டுகோள். பாதம் தூக்கி நடக்கத் தொடங்கிய ஒருவருக்கு நடந்து போக ஓர் இடம் வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிறவருக்குப் பழைய வேலை முடியாமல் போகலாம். பாதி நேர வேலை, உட்கார்ந்து செய்யும் வேலை, ஒரு கையால் செய்யும் வேலை ஏதேனும் இருக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆன அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதைத் தடுக்கிறது. தனியார் நிறுவனங்களும் கடைகளும் சட்டம் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊராட்சிகள் தங்கள் அலுவலகத்துக்கும் நியாயவிலைக் கடைக்கும் சாய்தளமும் கைப்பிடியும் வைத்தால், கழிவறைக்கு ஒரு கம்பி பொருத்தப் பணம் ஒதுக்கினால், அதுவும் மறுவாழ்வு சிகிச்சைதான்.

இத்தனை செலவையும் தடுப்புக்குப் போட்டால் பக்கவாதமே வராதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, புகையிலையை விடுவது, உப்பைக் குறைப்பது ஆகியவற்றைவிடப் பெரிய சிகிச்சை எதுவும் கிடையாது. அந்த வேலையில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. ஆனால் 25 வயதைக் கடந்தவர்களில் உலக அளவில் நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் பக்கவாதம் வர வாய்ப்புண்டு என்பது மதிப்பீடு. தடுப்பு எவ்வளவு வென்றாலும் நம் தெருவில் சிலர் விழுவார்கள். மாத்திரை கொடுக்க வரும் அதே பெண், அதே வீட்டில் படுத்திருக்கும் பெரியவரின் தோளையும் பார்த்துவிட்டுப் போவதற்குத் தனிப் பாதை போட வேண்டியதில்லை. மேலும், ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு இரண்டாம் முறை வரும் ஆபத்து அதிகம். அவர் வீட்டோடு தொடர்பு அறாமல் இருப்பது சிறந்த தடுப்பும்கூட.

மறுவாழ்வு சேவையை ஒவ்வொரு நாட்டின் அடிப்படைச் சுகாதார அமைப்புக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2023 மே மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. அது ஜெனீவாவில் நிறைவேறிய தீர்மானம். நம் ஊரில் நிறைவேற்ற வேண்டியது வேறொன்று. கிராம சபை கூடும் நாட்களில் குடிநீர், தெருவிளக்கு, சாலை பற்றிக் கேட்கிறோம். வரும் அக்டோபர் 2 கூட்டத்தில் இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்போம். எவர் பெயரும் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும்: இந்த ஊராட்சியில் கடந்த ஓர் ஆண்டில் பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் முதல் மாதத்துக்குள் இயன்முறை மருத்துவர் பார்த்தவர்கள் எத்தனை பேர்? எத்தனை வீடுகளில் வாங்கிய கருவி சும்மா கிடக்கிறது, அதை இரவல் தர எத்தனை பேருக்குச் சம்மதம்? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் ஒன்றியத்தின் இயன்முறை மருத்துவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கலாம். நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் இதையே கேட்கலாம். இதற்குப் புது அரசாணை எதுவும் தேவையில்லை. எழுந்து நின்று கேட்க ஓர் ஆள் போதும்.